தீப்பெட்டியில் தொடங்கட்டும் வரைபடம்



வரைபடத்தாளை முதன்முதலில் எந்த வகுப்பில் கையில் எடுத்தீர்கள்? எட்டாம் வகுப்பு அல்லது ஒன்பதாம் வகுப்பு என்று உங்களில் பெரும்பாலோர் சொல்வீர்கள். ஆசிரியர் சொன்னபடி குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் போட்டீர்கள். மூலையில் அளவுத்திட்டம் எழுதினீர்கள். அட்டவணையில் இருந்த எண்களுக்கெல்லாம் புள்ளி வைத்தீர்கள். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தீர்கள். தேர்வில் அந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். மகிழ்ச்சி. ஆனால் ஒன்று கேட்கிறேன். வரைந்து முடித்த பிறகு அந்தக் கோடு உங்களுக்கு ஏதாவது சொல்லிற்றா?

பலருக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. இதற்கு உங்களைக் குறை கூற முடியாது. ஒரு மொழியைப் பதினான்கு வயதில், அதுவும் இலக்கணத்திலிருந்து தொடங்கிக் கற்பித்தால், பிழையில்லாமல் எழுத வரும், பேச வராது. வரைபடமும் ஒரு மொழிதான். அதை ஆறு, ஏழு வயதிலேயே தொடங்கவேண்டும். அச்சு, அளவுத்திட்டம் என்ற இலக்கணம் ஏதுமின்றி, கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு தொடங்கவேண்டும். இதுவே என் கருத்து.

“சின்னப் பிள்ளைகளின் பாடத்தைப் பற்றி எங்களிடம் ஏன் பேசுகிறீர்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பியோ தங்கையோ இருப்பார்கள். உங்களில் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே ஒன்று நன்றாகப் புரிகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது

கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் தனி ஊசல் சோதனை செய்வதை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். ஊசலின் நீளத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு நீளத்துக்கும் 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளக்கவேண்டும். அதிலிருந்து அலைவு நேரத்தின் வர்க்கத்தைக் கணக்கிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். மாணவர்கள் அட்டவணையை நிரப்புகிறார்கள், சராசரி எடுக்கிறார்கள், விடையை எழுதிவிடுகிறார்கள். வரைபடத்தை மறுநாள் விடுதியில் உட்கார்ந்து, குறிப்பேட்டில் ஒட்டுவதற்காக வரைகிறார்கள். கல்யாணம் முடிந்த பிறகு பந்தல் போடுவது போல!

இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஊசலின் நீளம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20 அலைவுகளுக்குச் சுமார் 35.9 விநாடி ஆகும். ஒருவர் கடிகாரத்தை ஓடவிடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். அவர் ‘இருபது’ என்று சொல்லி நிறுத்தும்போது உண்மையில் 19 அலைவுகள்தாம் முடிந்திருக்கும். கடிகாரம் 34.1 விநாடி காட்டும். அலைவு நேரத்தின் வர்க்கம் 3.22 வருவதற்குப் பதில் 2.91 என்று வரும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் ஏறக்குறைய 10.9 ஆகிவிடும்.

அட்டவணையில் இந்த 2.91 மற்ற எண்களோடு எண்ணாக அமைதியாக உட்கார்ந்திருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. அதையே வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். மற்றப் புள்ளிகளெல்லாம் ஆதிப்புள்ளி வழியே செல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். இது மட்டும் வரிசையிலிருந்து விலகிக் கீழே நிற்கும். நூலில் குண்டு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே வரைபடத்தையும் வரைந்துகொண்டே வந்திருந்தால், அங்கேயே, அப்போதே திரும்பவும் அளந்து சரி செய்திருக்கலாம். மறுநாள் விடுதியில் வரைபவரால் என்ன செய்ய முடியும்? புள்ளியை மெல்ல மேலே நகர்த்தி வைக்கத்தான் முடியும்! அறிவியலில் இதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

வரைபடம் என்பது விடை கிடைத்தபின் செய்யும் அலங்காரம் என்ற எண்ணம் பதினெட்டு வயதில் வந்ததன்று. எண்களைப் படமாகப் பார்க்கும் பழக்கம் சிறு வயதில் ஏற்படாததன் விளைவு அது.

கண் போதும்

வரைபடம் என்றவுடன் இயற்கணிதம் தெரிந்தால்தான் முடியும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. எண்களைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் காட்டும் முறையைப் பரப்பியவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நீராவிப் பொறிக்குப் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் பட வரைவாளராக வேலை பார்த்தவர். 1786-இல் அவர் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதியும் இறக்குமதியும் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறின என்பதைக் கோடுகளாக வரைந்து காட்டினார். ஸ்காட்லாந்தைப் பற்றியும் அப்படி வரைய விரும்பினார். ஆனால் அதற்கு ஓர் ஆண்டின் விவரங்களே அவரிடம் இருந்தன. ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு எப்படிக் கோடு இழுப்பது? ஆகவே ஒவ்வொரு நாட்டுடனும் நடந்த வணிகத்தை ஒரு பட்டையாக வரைந்தார். இன்று நீங்கள் பாடத்தில் படிக்கும் பட்டை விளக்கப்படம் இப்படித்தான் பிறந்தது. வட்ட விளக்கப்படமும் அவர் தந்ததே. அது 1801-இல் வந்தது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பட்டைப் படத்துக்குச் சமன்பாடு தேவைப்படவில்லை. எண்ணத் தெரியவேண்டும், எது உயரம், எது குள்ளம் என்று பார்க்கத் தெரியவேண்டும். இவ்விரண்டும் முதல் வகுப்புக் குழந்தைக்கே தெரியும் அல்லவா?

எலுமிச்சையும் பலாவும்

இனி, எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

ஒரு குழந்தையிடம் ஐந்து எலுமிச்சம்பழங்களையும் இரண்டு பலாப்பழங்களையும் கொடுத்து, தனித்தனி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். எந்த வரிசை நீளம்? பலா வரிசைதான். எது எண்ணிக்கையில் அதிகம்? எலுமிச்சை. குழந்தை திகைக்கும். வரிசையின் நீளம் எண்ணிக்கையைச் சரியாகக் காட்டவேண்டுமானால் என்ன செய்யவேண்டும்? நாம் சொல்லிவிடக் கூடாது, சற்றுப் பொறுத்திருந்தால் குழந்தையே சொல்லும்: “எல்லாம் ஒரே அளவா இருக்கணும்.” அளவுத்திட்டம் என்று நீங்கள் மூலையில் எழுதுகிறீர்களே, அதன் உயிர் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

அடுத்து, ஒரே அளவான பொருளைத் தேடவேண்டும். காலித் தீப்பெட்டியைவிட மலிவானது எது? வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதிவிடுங்கள். “நீ எப்படிப் பள்ளிக்கு வருகிறாய்?” என்பது கேள்வி. நடந்து வருபவர்கள் ஓரிடத்திலும், சைக்கிளில் வருபவர்கள் ஓரிடத்திலும், பஸ்ஸில் வருபவர்கள் ஓரிடத்திலும் தத்தம் பெட்டியை அடுக்கவேண்டும். மூன்று கோபுரங்கள் எழும். முதலில் பிள்ளைகளையே மூன்று வரிசையாக நிற்கவைத்து, பிறகு அவர்களுக்குப் பதிலாகப் பெட்டிகளை வைத்தால் இன்னும் நல்லது. தனக்குப் பதிலாக ஒரு பெட்டி நிற்கிறது என்பது குழந்தைக்குப் பெரிய கண்டுபிடிப்பு. சில நாள் கழித்துப் பெட்டிக்குப் பதில் கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டலாம். இன்னும் சில மாதம் கழித்து ஒரு கட்டம் ஐந்து பேருக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆள், பெட்டி, கட்டம், எண் என்று படிப்படியாக ஏறவேண்டும். முதலில் செயல், பிறகு படம், அதன் பிறகே குறியீடு என்று 1966-இல் எழுதிய ஜெரோம் புரூனர் என்ற உளவியல் அறிஞரின் கருத்தும் இதுவே.

கோபுரம் எழுந்தவுடன் கேள்விகளும் எழும். எல்லாப் பெட்டிகளையும் கூட்டினால் வகுப்பின் எண்ணிக்கை வருகிறதா? வரவில்லையே! இன்று பள்ளிக்கு வராத பிள்ளையின் பெட்டி எங்கே? ஒருவன் திங்கட்கிழமை பஸ்ஸிலும் மற்ற நாளில் நடந்தும் வருகிறான். அவன் பெட்டியை எங்கே வைப்பது? இவை விளையாட்டுக் கேள்விகளாகத் தோன்றும். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விகளும் இவைதாம்.

நாள் நகர நகர

பொருள்களை எண்ணுவது ஒரு வகை. காலம் செல்லச் செல்ல மாறுவதைக் காட்டுவது இன்னொரு வகை. இதற்கு ஒரு மொச்சை விதையை ஊன்றினால் போதும். முளை விட்ட நாள் முதல், தினமும் ஒரே நேரத்தில், செடியின் உயரத்துக்கு ஒரு காகிதத் துண்டை நறுக்கச் சொல்லுங்கள். அளவுகோல் வேண்டாம், சென்டிமீட்டர் தெரியவேண்டாம். நறுக்கிய துண்டுகளை ஒரு தாளில் அடிவரிசை சமமாக இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வரவேண்டும். பத்து நாளில் செடியின் வரலாறு சுவரில் தொங்கும். துண்டுகளின் உச்சிகளை விரலால் தடவிக்கொண்டு போனால் அதுதான் நீங்கள் வரையும் வளைகோடு!

ஞாயிற்றுக்கிழமை பள்ளி இல்லை. செடியை யாரும் அளக்கவில்லை. அந்த இடத்தில் என்ன ஒட்டுவது? சில பிள்ளைகள் சனிக்கிழமைத் துண்டை ஒட்டி அதன் பக்கத்திலேயே திங்கட்கிழமைத் துண்டை ஒட்டிவிடுவார்கள். செடி திடீரென்று ஒரே நாளில் குதித்து வளர்ந்தது போலத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் இடத்தைக் காலியாக விட்டால் குதிப்பு மறைந்துவிடும். கிடையச்சில் ஏன் சம இடைவெளி விடவேண்டும் என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியுமா?

மழையை அளக்கும்போது இன்னொரு நுட்பம் வரும். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தட்டையான ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலையில் தண்ணீரின் உயரத்தைக் குறிக்கவேண்டும். மழை பெய்யாத நாளுக்கு உயரம் சுழி. டப்பாவைப் பார்க்கவே மறந்துபோன நாளுக்கு? அதற்கும் சுழி போடலாமா? கூடாது. ‘ஒன்றும் இல்லை’ என்பது ஒரு விவரம். ‘தெரியாது’ என்பது வேறு. இந்த வேறுபாட்டை ஏழு வயதில் உணர்ந்த பிள்ளை, இருபது வயதில் ஆய்வுக்கூடத்தில் இல்லாத அளவீட்டைக் கற்பனையாக எழுதக் கூசும்.

மூன்று வகைக் கேள்விகள்

படம் வரைந்ததோடு பாடம் முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. வரைபடத்தைப் படிப்பதில் மூன்று நிலைகள் உண்டென்று பிரான்சஸ் கர்சியோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1987-இல் விளக்கினார். படத்தில் நேராக உள்ளதைப் படிப்பது முதல் நிலை: சைக்கிளில் வருபவர் எத்தனை பேர்? ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவது இரண்டாம் நிலை: பஸ்ஸில் வருபவரைவிட நடந்து வருபவர் எத்தனை பேர் அதிகம்? படத்துக்கு அப்பால் எண்ணிப் பார்ப்பது மூன்றாம் நிலை: மழைக்காலத்தில் இந்தக் கோபுரங்கள் எப்படி மாறும்?

நம் தொடக்கப்பள்ளிக் கணக்குப் புத்தகங்களில் ‘தகவல் செயலாக்கம்’ என்ற பகுதி இருக்கிறது. மிக நல்ல செய்தி. ஆனால் அச்சிட்ட படத்தில் எத்தனை மாம்பழம், எத்தனை வாழைப்பழம் என்று எண்ணிக் கட்டத்தில் எழுதுவதோடு அது நின்றுவிட்டால், குழந்தை முதல் நிலையிலேயே நின்றுவிடும். அந்த மாம்பழங்கள் யாருடையவை? யார் எண்ணினார்கள்? குழந்தைக்கு அக்கறையில்லாத விவரத்திலிருந்து குழந்தைக்குக் கேள்வி பிறக்காது.

உயர்நிலைப்பள்ளி மாணவர்களாகிய உங்களுக்கும் மூன்றாம் நிலைக்கு ஒரு கணக்குத் தருகிறேன். உங்கள் தாத்தா, பாட்டி வயதில் உள்ள முப்பது, நாற்பது பேரின் சான்றிதழ்களில் உள்ள பிறந்த மாதத்தைக் கேட்டு, மாதவாரியாகப் பட்டைப் படம் வரையுங்கள். மேயும் ஜூனும் மற்ற மாதங்களைவிட உயர்ந்து நின்றால், அந்த மாதங்களில்தான் குழந்தைகள் அதிகம் பிறந்தன என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! அந்தக் காலத்தில் பலருக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. பள்ளியில் சேர்க்கும்போது வயதுக்கு ஏற்ப ஒரு தேதியை எழுதிவிடும் வழக்கம் இருந்தது. ஆகவே கோபுரத்தைப் பார்த்தவுடன், “பெட்டிகளை அடுக்கியது யார்? எப்படி அடுக்கினார்?” என்று கேட்கவேண்டும்.

இப்படிக் கேட்கப் பழகியவரை எளிதில் ஏமாற்ற முடியாது. ஒரு பள்ளியில் நூற்றுக்கு 92 பேர் தேறினார்கள், இன்னொன்றில் 96 பேர் தேறினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் பட்டைகளைச் சுழியிலிருந்து தொடங்காமல் 90-இலிருந்து தொடங்கி வரைந்தால், ஒரு பட்டை மற்றதைப் போல் மூன்று மடங்கு உயரமாகத் தெரியும். தீப்பெட்டி அடுக்கிய பிள்ளை உடனே கேட்பாள்: “கீழே இருந்த தொண்ணூறு பெட்டியை யார் எடுத்தாங்க?”

சில ஆட்சேபங்கள்

“கூட்டல் கழித்தலே சரியாக வராத வயதில் இதெல்லாம் எதற்கு?” என்பார்கள். எத்தனை பேர் அதிகம் என்று கேட்டபோது குழந்தை செய்தது கழித்தல்தானே! கோபுரங்களைச் சேர்த்து எண்ணியது கூட்டல்தானே! இது கணக்குக்குப் போட்டி அன்று.

“ஆசிரியருக்கு நேரம் எங்கே?” என்பது இரண்டாவது ஆட்சேபம். இது நியாயமானது. நாற்பது பிள்ளைகளும் இரண்டு வகுப்புகளும் ஒரே ஆசிரியரிடம் இருக்கும் பள்ளிகள் உண்டு. ஆனால் செடித் துண்டை ஒட்ட ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போதும். மழை டப்பாவைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நாள்தோறும் வருகைப் பதிவு எடுக்கிறோமே, அதையே சுவரில் ஒரு பட்டையாக வண்ணம் தீட்டச் சொன்னால் கூடுதல் நேரமே தேவையில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தை நானே எழுப்புகிறேன். சீக்கிரம் தொடங்கவேண்டும் என்றவுடன், ஒன்பதாம் வகுப்பு வரைபடத்தாளைக் கொண்டுபோய் இரண்டாம் வகுப்பில் திணித்துவிடும் ஆபத்து இருக்கிறது. அச்சுக்குப் பெயர் எழுதவில்லை என்று ஆறு வயதுக் குழந்தைக்கு மதிப்பெண் குறைப்பதைவிட, ஒன்றும் சொல்லித்தராமல் இருப்பதே மேல். இந்த வயதில் தேர்வு வேண்டாம், வீட்டுப்பாடம் வேண்டாம். பெட்டியும் காகிதத் துண்டும் போதும்.

ஒரு சின்ன அட்டை

இவ்வளவு வற்புறுத்துவதற்கு அறிவியல் மட்டும் காரணமன்று. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா பரவியபோது எல்லோர் கைப்பேசியிலும் வரைபடங்கள் வந்தன. அதுவரை நோயுற்றவர்களின் மொத்த எண்ணிக்கையைக் காட்டும் கோடு எப்போது இறங்கும் என்று படித்தவர்களே காத்திருந்தார்கள். மொத்தம் என்பது ஏறும், அல்லது அப்படியே நிற்கும், ஒருபோதும் இறங்காது. இறங்கக்கூடியது அன்றாட எண்ணிக்கை. வரைபடத்தைப் படிக்கத் தெரியாததால் வீண் பயமும் வந்தது. வீண் தைரியமும் வந்தது.

இதைவிட நெருங்கிய உதாரணம் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம். 1975 அக்டோபர் 2 அன்று நம் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் அங்கன்வாடிகளில் சிறு குழந்தைகளின் எடையைப் பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். 1950-களில் நைஜீரியாவின் சிற்றூர்களில் பணியாற்றிய டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், இத்தகைய அட்டையைத் தாயின் கையிலேயே கொடுத்து வைக்கும் முறையைப் பரப்பினார். அட்டையில் வளைந்து மேலே செல்லும் வண்ணப் பட்டைகள் இருக்கும். குழந்தையின் கோடு அவற்றோடு சேர்ந்து மேலே போகவேண்டும்.

ஒரு குழந்தையின் எடை சித்திரையில் 8 கிலோ. வைகாசியில் 8 கிலோ. ஆனியிலும் 8 கிலோ. எண்களை மட்டும் கேட்கும் தாய், “குறையவில்லையே” என்று நிம்மதி அடைவாள். அட்டையைப் பார்க்கத் தெரிந்த தாய் திடுக்கிடுவாள். பட்டைகள் மேலே போய்க்கொண்டிருக்க, தன் பிள்ளையின் கோடு படுத்துவிட்டதை அவள் காண்கிறாள். குழந்தையின் உடம்பு மெலிந்தது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கோடு சொல்லிவிடுகிறது. இப்போது எடையைக் கைப்பேசியிலும் பதிவு செய்கிறார்கள். எதில் பதிந்தால் என்ன? அதைப் படிக்கும் கண் வீட்டில் இருக்கவேண்டுமே!

அந்தத் தாய் கல்லூரியில் இயற்பியல் படித்திருக்கவேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை வந்திருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு மொச்சைச் செடிக்குக் காகிதத் துண்டு நறுக்கி ஒட்டியிருந்தால் போதும். வரைபடத்தை உயர் வகுப்புக்கென்று ஒத்தி வைத்தால், நடுவில் பள்ளியை விட்டு நின்றுவிடுபவர்களுக்கு அது கிடைக்காமலே போகிறது. அவர்களுக்கே அது அதிகம் தேவைப்படுகிறது.

ஆகவே, இந்த மாதம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தம்பியையோ தங்கையையோ கூப்பிட்டு ஒரு விதையை ஊன்றச் சொல்லுங்கள். தினமும் துண்டு நறுக்க நினைவூட்டுங்கள். நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். பத்தாம் நாள் மட்டும், “நாளைக்கு எவ்வளவு உயரம் இருக்கும் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டு, அந்த உயரத்துக்கு ஒரு துண்டைத் தனியாக நறுக்கி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் செடியின் பக்கத்தில் அதை நிறுத்திப் பார்க்கட்டும். கூடவோ குறையவோ இருந்தால், ஏன் என்று அந்தப் பிள்ளையே யோசிக்கட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து யோசியுங்கள்.